நான்கு உறைகள்: ஒரு நாளிதழ்ச் சந்தாவின் மதிப்புரை

தென்காசி மாவட்டத்தில் பாவூர்சத்திரத்துக்கு அருகே உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். 2024 ஜூனில் பள்ளி திறந்தவுடன், பதினொன்றாம் வகுப்பின் வாசிப்பு நேரத்துக்கென்று ஒரு தமிழ் நாளிதழுக்கு என் கைப்பணத்தில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். காலையில் அச்சுப் பிரதி வந்துவிடும். அதே சந்தாவில் கைபேசிச் செயலி, மின்னிதழ், பழைய இதழ்களைத் தேடிப் படிக்கும் வசதி ஆகியவையும் சேரும். நிறுவனத்தின் யூடியூப் காணொளிகள் செயலிக்குள்ளேயே ஓடும். சந்தா முடிந்து புதுப்பிக்கும் நாள் வந்திருக்கும் இந்த நேரத்தில், பணம் கட்டிப் படித்த ஒரு வாசகனாக என் மதிப்பீட்டை எழுதுகிறேன். நாளிதழின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை மற்ற நாளிதழ்களிலும் செய்தித் தொலைக்காட்சிகளிலும் அப்படியே காணக்கூடியவை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள்.

வழக்கமாக ஒரு சந்தாவைப் பற்றிச் சொல்லப்படும் விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அச்சுப் பிரதி மழைக்காலத்திலும் ஒழுங்காக வந்தது. செயலியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிகிறது, பழைய கைபேசியிலும் திணறாமல் திறக்கிறது. பழைய இதழ்த் தேடல் உண்மையிலேயே அருமையானது. கட்டிய தொகைக்கு அது ஒன்றே போதும் என்று சில நாள்களில் தோன்றியதுண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்ன படிக்கலாம் என்று வாரந்தோறும் வெளியாகும் பக்கத்தை, பாலிடெக்னிக், ஐடிஐ சேர்க்கை விவரங்களோடு, பல மாணவர்கள் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள். இவற்றில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

என் மதிப்புரை வேறொன்றைப் பற்றியது. பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களை இந்த நாளிதழ் ஓராண்டு முழுவதும் எப்படிக் காட்டியது என்பதே என் கேள்வி. வகுப்பில் அதைப் படித்தவர்கள் அந்த வயதுக்காரர்கள் என்பதால், இந்தக் கேள்வியை நான் தவிர்த்திருக்கவும் முடியாது. ஜூலையில் ஒரு நாள், தங்கள் வயதுடையவர்கள் இடம்பெறும் செய்திகளையெல்லாம் வெட்டி வகைப்படுத்தி வைக்கும்படி மாணவர்களிடம் சொன்னேன். அலுவலகத்திலிருந்து பழுப்பு உறைகள் வாங்கிக் கொடுத்தேன். உறைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டேன். இரண்டு வாரங்களுக்குள் நான்கு உறைகள் தாமாகவே உருவாகிவிட்டன. ஒன்றின் மேல் ‘தப்பு’ என்றும், அடுத்ததன் மேல் ‘மார்க்’ என்றும், மூன்றாவதில் ‘சாவு’ என்றும், நான்காவதில் ‘சாதனை’ என்றும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்கள். அடுத்த பத்து மாதங்களிலும் இந்த நான்குக்கு வெளியே வைக்க வேண்டிய துண்டுகள் மிகக் குறைவாகவே கிடைத்தன. ‘தப்பு’ உறை தீபாவளிக்கு முன்பே நிரம்பி இரண்டாவது உறை தேவைப்பட்டது.

அந்த உறையைக் கொட்டிப் பார்த்தால் ஒரு தனிச் சொற்களஞ்சியமே தெரியும். மாணவர்கள் செய்வது ‘அட்டகாசம்’, ‘அட்டூழியம்’. அவர்கள் நிற்பது ‘கும்பல்’. அவர்கள் முடி ‘புள்ளிங்கோ கட்டிங்’. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வீட்டில் இல்லை என்றால் அவள் ‘மாயம்’. அவளோடு பேசியவன் ‘ஆசைவார்த்தை’ கூறியவன். பேருந்துப் படிக்கட்டில் தொங்கும் மாணவர்களின் படத்துக்குக் கீழே ‘ஆபத்தை உணராத மாணவர்கள்’ என்று வருடம் முழுவதும் ஒரே குறிப்பு வந்தது. அந்தத் தடத்தில் காலை எட்டு மணிக்கு எத்தனை பேருந்துகள் ஓடுகின்றன, எத்தனை பள்ளிகளின் மாணவர்கள் அதில் ஏற வேண்டியிருக்கிறது என்ற விவரம் ஒரு முறைகூட அந்தக் குறிப்போடு வரவில்லை. ஆபத்தை உணர்ந்துதான் தொங்குகிறார்கள். அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தால் முதல் பாடவேளை போய்விடும். இதை என் மாணவர்களிடம் கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன் என்று சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு நிருபர் அதே படிக்கட்டருகே நின்று அதே கேள்வியைக் கேட்டிருக்க முடியும்.

‘விடலை’ என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சங்கப் பாடல்களில் விடலை என்பவன் வீரன். தலைவியை அழைத்துக்கொண்டு பாலை வழியே அஞ்சாமல் நடப்பவன். அந்தச் சொல்லில் மதிப்பு இருந்தது. இன்றைய செய்தித் தாளில் ‘விடலைப் பையன்கள்’ என்று வந்தால் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு கைது இருக்கும். சொல் பொருள் மாறுவது மொழியில் இயல்புதான். ஆனால் ஒரு வயதையே குறிக்கும் சொல் இப்படித் தேய்ந்திருப்பது, அந்த வயதைப் பற்றி நாம் என்ன மட்டும் பேசிவருகிறோம் என்பதைக் காட்டுகிறது.

இளவயதினர் குற்றமே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பகுதியில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாடு முழுவதும் பதிவான குற்ற வழக்குகள் 58,24,946. அவற்றில் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் மீது பதிவானவை 30,555. அதாவது இருநூறு வழக்குகளுக்கு ஒன்று என்ற அளவு. அதற்கு முந்தைய ஆண்டில் இந்த எண்ணிக்கை 31,170. ஆகவே ஓராண்டில் அது குறைந்திருக்கிறது. இந்த எண்களை வகுப்பில் கரும்பலகையில் எழுதியபோது, இருநூறுக்கு எத்தனை என்று முதலில் மாணவர்களையே ஊகிக்கச் சொன்னேன். வந்த விடைகளில் மிகச் சிறியது முப்பது. தங்களைப் பற்றித் தாங்களே அப்படி நம்பும்படி ஒரு நாளிதழ் செய்திருக்கிறது என்பதைவிட அதைப் பற்றிக் கடுமையாக வேறென்ன சொல்லிவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பொதுப்படைச் சித்திரிப்பினால் வரும் பெரிய கேடு, உண்மையான காரணம் மறைந்துபோவது. 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் அவர்கள் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள், வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள், காரணம் சாதி. அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. குழு தன் அறிக்கையை 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அளித்தது. என் சந்தா தொடங்கிய சில நாள்களிலேயே அந்த அறிக்கை வெளியானது என்பதால், நாளிதழ் அதை எப்படிக் கையாள்கிறது என்று கவனமாகப் பார்த்தேன். மாணவர்கள் கையில் கட்டும் சாதி நிறக் கயிறு, விரலில் போடும் மோதிரம், நெற்றியில் இடும் குறி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்திருந்தது. பள்ளிகளின் பெயரிலிருந்து சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. இரண்டே நாள்களில் செய்தி நெற்றித் திலகத்தைப் பற்றிய கட்சிச் சண்டையாகச் சுருங்கிவிட்டது. பள்ளிப் பெயரில் இருக்கும் சாதி மாணவர்கள் வைத்ததன்று. கயிற்றின் நிறத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் பெரியவர்களே. அதன் பிறகும் இத்தகைய சம்பவம் எங்காவது நடந்தால் செயலியில் வரும் தலைப்பு ‘மாணவர்கள் மோதல்’. அதற்கு அடுத்து ‘எங்கே செல்கிறது இளைய சமுதாயம்?’ என்று ஒரு விவாதக் காணொளி. பல தலைமுறைப் பழமையுடைய ஒரு நோயை இந்தத் தலைமுறையின் ஒழுக்கக் கேடாகக் காட்டினால், அந்த நோயை வளர்த்தவர்கள் நிம்மதியாக அமர்ந்து விவாதிக்க முடிகிறது.

செயலியைப் பற்றி என் மிகக் கடுமையான புகார் நவம்பரில் நடந்த ஒன்றைக் குறித்தது. ஒரு நாள் இரவு பத்து மணி அளவில், கைபேசியை அதிரவைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்தது. ஒரு மளிகைக் கடையின் சிசிடிவி காட்சி. கல்லாவில் கை வைக்கும் ஒரு பையன். முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் சீருடைச் சட்டையின் கட்டங்கள் தெளிவாக இருந்தன. தோளில் தொங்கிய பையில் பள்ளியின் இலச்சினை பாதி தெரிந்தது. செய்தியில் தெருவின் பெயரும் அவன் தந்தையின் தொழிலும் இருந்தன. மறுநாள் காலை நான் வகுப்புக்குள் நுழையும் முன்பே எல்லோருக்கும் அந்தப் பையன் யாரென்று தெரிந்திருந்தது. கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “ஐயா, மொகத்த மறைச்சு என்னய்யா பிரயோசனம்? சட்டையப் பாத்தாலே எந்த ஸ்கூல்னு தெரியுதுல்லா. தெருவும் போட்டாச்சு. இனி அவன் எப்டி பஸ் ஏறுவான்?”

அவன் கேட்டது சட்டம் கேட்கும் கேள்விதான். இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு, சட்டத்துக்கு முரணாக நடந்ததாகக் கருதப்படும் சிறுவரின் பெயர், முகவரி, பள்ளி மட்டுமன்றி, அவரை அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரத்தையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்குப் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு இதே பாதுகாப்பைத் தருகிறது. பெயர், படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி எல்லாம் அதில் அடங்கும். மறைக்க வேண்டியது அடையாளம். முகம் அதில் ஒரு பகுதி மட்டுமே. சிறிய ஊரில் ஒருவனை அவன் நடையைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவார்கள். சட்டையும் தெருவும் கிடைத்த பிறகு மறைக்க என்ன இருக்கிறது?

நிறுவனத்தின் வாசகர் சேவை முகவரிக்கு அன்றே எழுதினேன், சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு. ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது’ என்று இயந்திரப் பதில் ஒன்று உடனே வந்தது. மூன்றாம் நாள் படம் மாற்றப்பட்டிருந்தது. சீருடைக்குப் பதில் ஒரு கைவிலங்கின் படத்தைப் போட்டிருந்தார்கள். தெருப் பெயர் அப்படியே இருந்தது. திருத்தம் செய்ததாக ஒரு வரிகூட இல்லை. அதே காட்சி அவர்களுடைய யூடியூப் பக்கத்தில் பின்னணி இசையோடு இன்னும் பல நாள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் எங்கள் பள்ளி மாணவன் அல்லன். அவன் பிறகு பள்ளிக்குப் போகிறானா என்று விசாரித்தேன். அரையாண்டுத் தேர்வுக்கு வரவில்லை என்று அங்கு பணிபுரியும் நண்பர் சொன்னார். ஒரு நாளிதழின் சேவைக்கு மதிப்பெண் போடும்போது இதை ஒரு சிறு பிழையாகக் கழித்துவிட என்னால் முடியவில்லை.

‘சாவு’ உறையை வகுப்பில் திறந்து படிக்க நான் அனுமதிக்கவில்லை, நானே வைத்துக்கொண்டேன். அதில் திரும்பத் திரும்ப வந்த ஒரு வாக்கிய அச்சு உண்டு: ‘செல்போன் பார்த்ததைத் தாய் கண்டித்ததால் மாணவி விபரீத முடிவு’. ஓர் உயிர் போனதற்கு ஒரே காரணம், அதுவும் ஒரே வரியில், அதுவும் மறுநாளே. தற்கொலையை ஒற்றைக் காரணத்துக்குள் அடக்கக் கூடாது, தலைப்பில் பரபரப்பாக்கக் கூடாது, படத்தைப் பெரிதாக வெளியிடக் கூடாது, உதவி எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிகளைப் பின்பற்றி இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-இல் வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்த நாளிதழ் அச்சில் பெரும்பாலும் உதவி எண்ணைப் போடுகிறது, அதைப் பாராட்டுகிறேன். செயலியில் அது சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. தமிழக சுகாதாரத் துறையின் 104, டெலிமானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 ஆகிய இரண்டு எண்களையும் இப்போது எங்கள் வகுப்பறைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்த வாக்கிய அச்சு தாய்க்குச் செய்யும் கொடுமையும் சிறிதன்று. மகளை இழந்தவள் மறுநாள் தாளில் தன்னைக் குற்றவாளியாகப் படிக்கிறாள். படிக்கும் பிள்ளைகளுக்கோ, தங்கள் வயதில் ஒரு திட்டுக்கு இப்படித்தான் எதிர்வினை இருக்கும் என்ற எண்ணம் விதைக்கப்படுகிறது.

பழைய இதழ்த் தேடலை அருமை என்றேன். அதைப் பயன்படுத்தி மாணவர்கள் செய்த ஒரு வேலை இதோடு தொடர்புடையது. 2017-இல் ‘ப்ளூ வேல்’ என்ற இணைய விளையாட்டு சிறுவர்களைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகப் பெரும் பீதி எழுந்தது நினைவிருக்கலாம். அப்போது எட்டு, ஒன்பது வயதில் இருந்த என் மாணவர்கள், வீட்டில் கைபேசியைப் பிடுங்கி வைத்த ஞாபகத்தில் அதைத் தேடினார்கள். 2017 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் முதல் பக்கத்திலேயே பல முறை வந்திருந்தது. 2018 ஜனவரியில், நடந்த சம்பவங்கள் எதிலும் அந்த விளையாட்டின் தொடர்பை உறுதிசெய்ய முடியவில்லை என்று மத்திய உள்துறை இணையமைச்சர் மக்களவையில் பதிலளித்தார். அந்தச் செய்தியைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு பாடவேளை முழுவதும் ஆயிற்று. உள்பக்கத்தில், சந்தை விலைக்குப் பக்கத்தில், ஐந்து வரியில் இருந்தது. பீதியைக் கொடுத்த அதே எழுத்தளவில் தெளிவையும் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு மாணவி தன் நோட்டில் எழுதியிருந்தாள். நான் அதற்குக் கீழே கையொப்பம் மட்டும் இட்டேன்.

‘மார்க்’ உறை மே மாதத்தில் ஒரே நாளில் தடித்துப்போனது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் கைவிட்டது. அது நல்ல முடிவு. இருந்தும் தேர்வு முடிவு நாளின் படம் மாறவில்லை. மாணவிகள் கைகோத்து ஒரே நேரத்தில் துள்ளிக் குதிக்கும் படம். ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டும் படம். அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ‘இன்னொரு தடவை குதிங்கம்மா, ஒசரமா’ என்று கேட்டு, மூன்று நான்கு முறை குதிக்க வைத்து எடுப்பார்கள். 2025 மே 8 அன்று வெளியான பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் தேர்ச்சி 95.03 விழுக்காடு, மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. வழக்கம்போல ‘மாணவிகளே அதிகம்’ என்பது தலைப்பு. தேர்வு எழுதியவர்கள் 7,92,494 பேர், தேர்ச்சி பெற்றவர்கள் 7,53,142 பேர். மீதமுள்ள 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த எட்டுப் பக்கங்களில் எங்குமே இல்லை. துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி மட்டும் ஒரு சிறு கட்டத்தில் இருந்தது. மாணவர்கள் ஏன் ஆண்டுதோறும் பின்தங்குகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் மார்ச் மாதத்திலேயே வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்று கேட்கும் ஒரு கட்டுரைக்காக நான் அந்த வாரம் முழுவதும் காத்திருந்தேன்.

‘சாதனை’ உறை மெலிந்தது, ஆனால் அதைத்தான் மாணவர்கள் அதிகம் எடுத்துப் பார்த்தார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் பதினெட்டு வயது குகேஷ், டிங் லிரெனை வென்று உலக சதுரங்க சாம்பியன் ஆனார். மறுநாள் முதல் பக்கம் முழுவதும் அவர்தான். வென்றவுடன் அவர் கலங்கி அழுத படம் நன்றாக அச்சாகியிருந்தது. பெற்றோரின் தியாகம், பரிசுத் தொகை, யார் யார் வாழ்த்தினார்கள் என்பதெல்லாம் விரிவாக இருந்தன. எங்கள் வகுப்பில் சதுரங்கம் ஆடும் மூவர் தேடியது பதினான்காம் ஆட்டத்தின் 55-ஆவது நகர்வை. டிங் லிரென் தன் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்திய அந்த நொடியை. அது தாளில் இல்லை. சமநிலையில் முடியப்போவதாக எல்லோரும் நினைத்த ஓர் ஆட்டத்தை, சலிக்காமல் நீட்டி நீட்டி ஆடிய பொறுமைதான் அந்தப் பையனின் சிறப்பு. அதைச் சொல்லாமல் அவரை ஓர் அதிசயமாக மட்டும் காட்டினால், படிக்கும் இன்னொரு பதினாறு வயதுக்காரனுக்குக் கற்றுக்கொள்ள அதில் எதுவும் மிஞ்சாது. குற்றவாளியைப் போலவே மேதையும் இந்தப் பக்கங்களில் தன் வயதுக்காரர்களிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டவராகவே நிற்கிறார்.

யூடியூப் காணொளிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ‘90ஸ் கிட்ஸ்’ நல்லவர்கள், ‘2கே கிட்ஸ்’ எதையும் மதிக்காதவர்கள் என்ற ஒற்றை எண்ணத்தை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்று வெளியிடுகிறார்கள். 2000-இல் பிறந்தவருக்கு 2025-இல் இருபத்தைந்து வயது. என் மாணவர்கள் 2008, 2009-இல் பிறந்தவர்கள். இருவரையும் ஒரே பெயரில் அடக்கி, காதலையும் கைபேசியையும் தவிர இவர்களுக்கு வேறு நினைப்பே இல்லை என்று சொல்லும் அந்தக் காணொளிகளை என் மாணவர்களே பார்த்துச் சிரிக்கவும் செய்கிறார்கள். அந்த மாணவர்களில் ஒருத்தி மாலையில் வீட்டுக்குப் போனதும் தட்டை மடியில் வைத்து அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே பாட நூலைத் திறப்பவள். இன்னொருவன் விடியற்காலையில் சந்தையில் காய்கறி மூட்டை இறக்கிவிட்டு ஒன்பது மணிக்கு வகுப்பில் இருப்பவன். ஓராண்டு நாளிதழில் இப்படி ஒரு பிள்ளையை நான் ஒரு முறையும் சந்திக்கவில்லை.

பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னால் இந்த இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பது விளங்கும். வாரம் ஒரு முறை வெளியாகும் மாணவர் பக்கத்துக்கு எங்கள் வகுப்பு ஒரு கடிதம் எழுதியது. மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ஐந்தே முக்கால் ஆகிவிடுகிறது. எங்கள் தடத்தில் அடுத்த நகரப் பேருந்து ஏழு மணிக்குத்தான். அதுவரை மாணவிகள் விளக்கில்லாத நிறுத்தத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆறு மணிக்கு ஒரு நடை விட்டால் நான்கு ஊர்ப் பிள்ளைகள் பயனடைவார்கள் என்பது கடிதத்தின் பொருள். ஐந்து முறை திருத்தி எழுதினார்கள். அதில் ஒரு வரி, ‘பேருந்து தாமதமாவதை வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருப்பதால் சிலர் கைபேசி கொண்டுவருகிறோம், அதனால் பள்ளியில் கண்டிப்புக்கும் ஆளாகிறோம்’ என்று இருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வெளியானது. தலைப்பு: ‘செல்போனை ஒதுக்குவோம்!’. பேருந்து நேரம், நிறுத்தம், விளக்கு எல்லாம் வெட்டப்பட்டு, கைபேசி கொண்டுவந்து கண்டிப்புக்கு ஆளாகும் மாணவர்கள் திருந்த விரும்புவதாக நான்கு வரிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. பக்கத்தில் குனிந்து கைபேசி பார்க்கும் ஒரு பையனின் படம் வேறு.

கடிதத்தை எழுதிய மாணவி அதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “ஐயா, நாங்க பஸ் கேட்டோம்லா?” யாரோ வேண்டுமென்றே செய்த தீங்கு என்று நான் நினைக்கவில்லை. பதினாறு வயதினர் எழுதிய கடிதம் என்றதும் அந்த உதவி ஆசிரியரின் மனத்தில் தயாராக இருந்த பெட்டி ஒன்று திறந்துகொண்டது. பெட்டிக்குள் பொருந்திய வரி தங்கியது, பொருந்தாதவை உதிர்ந்தன. நான்கு உறைகளும் அப்படித்தான் நிரம்பின.

அதே மாணவி மறுநாள் ஐந்தாவது உறை ஒன்றை எடுத்து, அதன் மேல் ‘சும்மா’ என்று எழுதி வைத்தாள். குற்றமும் செய்யாமல், முதலிடமும் பெறாமல், சும்மா இருக்கிற பிள்ளைகளுக்கு என்று விளக்கமும் தந்தாள். ஆண்டு முடிவில் அதில் சேர்ந்தவை சொற்பம்: வடகிழக்குப் பருவமழையின்போது இரண்டு மாணவிகள் ஒரே குடைக்குள் நடந்து போகும் படம், குற்றாலத்தில் ஐந்தருவியில் நனையும் பையன்களின் படம், மாவட்ட அளவிலான கபடிப் போட்டியில் தோற்ற அணி திண்ணையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவதை ஓர் உள்ளூர் நிருபர் எழுதிய சிறு குறிப்பு. அந்தக் குறிப்பில் தோற்ற அணித் தலைவன் சொன்ன இரண்டு வாக்கியங்கள் அப்படியே இருந்தன, எவரும் திருத்தாமல். இந்த நாளிதழில் அப்படி எழுதக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்கு ஆறுதல். அவருக்குப் பக்கம் கூட்டிக் கொடுங்கள் என்று புதுப்பிப்புப் படிவத்தின் கருத்துக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. பள்ளி நூலகத்துக்கும் வகுப்பறைக்கும் அச்சுப் பிரதியும் பழைய இதழ்த் தேடலும் வாங்கத் தக்கவை. ஆசிரியர் ஒருவர் உடன் இருந்து படிக்க வைத்தால் பயன் மிகும். செயலியின் அறிவிப்புகளை, பதின்பருவப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதல் நாளே அணைத்து வையுங்கள். காணொளிகளுக்காகப் பணம் கட்ட வேண்டாம். ஐந்துக்கு இரண்டரை என்று மதிப்பெண் தருகிறேன். அந்த நவம்பர் இரவு இல்லாதிருந்தால் மூன்றரை தந்திருப்பேன்.

நான் அச்சுப் பிரதியையும் தேடல் வசதியையும் மட்டும் புதுப்பித்துவிட்டுச் செயலியை நீக்கிவிட்டேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்த மாணவர்கள், தங்கள் கடிதத்தின் முழு வடிவத்தைப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் கிளை மேலாளருக்கு நேரடியாக அனுப்பியிருக்கிறார்கள். அதன் நகல் ஒன்று ‘சும்மா’ உறையில் இருக்கிறது.